எல்லா டெஸ்டும் பச்சை, ஆனாலும் மெஷின் படுக்கிறதே: அப்டேட் கருவியைச் சோதிப்பது பற்றி

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கிவிடுகிறேன். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட சிஸ்டம், பல ஊர்களில் ஓடும் சில ஆயிரம் மெஷின்கள். அவற்றுக்கு அப்டேட் கொண்டுபோக, ஆப்ட்டின் (டெபியனில் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, இறக்கி நிறுவும் கருவி) தலைமேல் உட்கார்ந்து வேலை செய்யும் சொந்தக் கருவி ஒன்று. அதற்கு 200 சொச்சம் தானியங்கி டெஸ்டுகள். எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன, ஒரு சுற்று முடிய 3 மணி நேரம். தினமும் ஐந்தாறு சிவப்பாகும், திரும்ப ஓட்டினால் பச்சையாகிவிடும். அத்தனையும் பச்சையான பிறகு அனுப்பினாலும் வெளியே சில மெஷின்கள் படுத்துவிடுகின்றன. டெஸ்டுகளை எப்படிப் பிரிப்பது, எப்படி ஓட்டுவது என்பது கேள்வி.

கடைசியில் சொன்ன புகாரிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

சாதாரண நிரலுக்கு உள்ளீடு ஒரு கோப்பு, அல்லது ஒரு கோரிக்கை. அப்டேட் கருவிக்கு உள்ளீடு மெஷின் முழுவதும்: எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் இருக்கிறது, யார் எந்த கான்ஃபிக் கோப்பில் கைவைத்தார்கள், டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம், கடிகாரம் என்ன காட்டுகிறது, போன அப்டேட் ஒழுங்காக முடிந்ததா. உங்கள் டெஸ்டுகள் எல்லாமே அன்று காலை பில்டான சுத்தமான இமேஜில்தான் (முழு சிஸ்டமும் அடங்கிய டிஸ்க் கோப்பு) தொடங்குகின்றன என்று பந்தயம் கட்டத் தயார். அப்படிப்பட்ட மெஷின் வெளியில் ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மற்ற நிரல்களில் பிழை வந்தால் அப்டேட் அனுப்பித் திருத்திக்கொள்ளலாம். அப்டேட் கருவியிலேயே பிழை வந்தால் அந்தத் திருத்தம் எந்த வழியாகப் போகும்? நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுகிற வேலை இது. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கருவியைத் தினமும் எழுப்பிவிடும் சிஸ்டம்டி டைமரின் பெயரை ஒரு வெளியீட்டில் மாற்றினோம். பேக்கேஜின் நிறுவல் ஸ்கிரிப்ட், புதிதாக நிறுவும்போது மட்டும் புதிய டைமரை இயக்கிவைத்தது. ஏற்கெனவே இருந்த மெஷின்களில் பழைய டைமர் போய்விட்டது, புதியது இயங்கவில்லை. அப்டேட் எல்லா மெஷினிலும் வெற்றி. டெஸ்டும் வெற்றி, டாஷ்போர்டும் வெற்றி. அதற்குப் பிறகு அந்த மெஷின்கள் எதுவும் அப்டேட் கேட்டு வரவே இல்லை. பென்டிரைவ் கொடுத்து ஊர் ஊராக ஆளனுப்ப வேண்டியதாயிற்று.

ஆகவே வேறு எதை விட்டாலும் இந்த ஒரு டெஸ்டை விடாதீர்கள். உண்மையில் வெளியே அனுப்பிய பழைய இமேஜை எடுங்கள். இன்று அதே கோடிலிருந்து மறுபடி பில்ட் செய்ததை அல்ல, அன்றைக்கு அனுப்பிய அதே கோப்பை. அதில் இன்றைய வெளியீட்டுக்கு அப்டேட் செய்யுங்கள். பிறகு, பதிப்பு எண் ஒன்று கூடியிருப்பதைத் தவிர வேறெதுவும் மாறாத ஒரு பொய் வெளியீட்டைச் சர்வரில் வையுங்கள். மெஷின் தானாகவே அதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொள்கிறதா என்று பாருங்கள். "தானாகவே" என்பதுதான் உயிர். நீங்கள் எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து நுழைந்து கட்டளை கொடுத்தால் எங்கள் டைமர் பிழை உங்களுக்கும் தெரியாது. ஒரு நாள் காத்திருக்க முடியாதுதான். கெமு என்ற நிரல் ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) கடிகாரத்தை எந்தத் தேதியில் தொடங்குவது என்று நாமே சொல்லலாம். மறுநாள் காலையில் பூட் ஆக வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். அப்டேட் வெற்றியா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான அளவுகோல், அடுத்த அப்டேட்டை இந்த மெஷின் வாங்கிக்கொள்ளுமா என்பதுதான்.

இனி பிரிப்பதற்கு வருவோம். பெரும்பாலானோர் அம்சவாரியாகப் பிரிக்கிறார்கள்: டவுன்லோடு டெஸ்டுகள், கையெழுத்துச் சரிபார்ப்பு டெஸ்டுகள், ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்பும்) டெஸ்டுகள். படிக்க அழகாக இருக்கும், ஓட்டுவதற்கு உதவாது. ஒரு டெஸ்ட் ஓட எவ்வளவு பெரிய உலகம் வேண்டும் என்பதை வைத்துப் பிரியுங்கள். வெறும் தற்காலிக டைரக்டரி போதுமா, கன்டெய்னர் (பூட் ஆகாமல் தனித்து ஓடும் குட்டிச் சிஸ்டம்) வேண்டுமா, பூட் ஆகும் விர்ச்சுவல் மெஷின் வேண்டுமா, மின்சாரத்தைப் பிடுங்க வேண்டுமா. நான்கு ஃபோல்டர். பெரிய உலகில் ஓடும் ஒவ்வொரு டெஸ்டையும் பார்த்து, இதைச் சின்ன உலகுக்கு இறக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் 3 மணி நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் கரைகிறது என்று நினைக்கிறேன்.

முதல் உலகத்துக்கு நல்ல முன்மாதிரி ஆப்ட்டின் சொந்த டெஸ்டுகளே. அதன் சோர்ஸில் ஒருங்கிணைப்பு டெஸ்டுகளுக்கென்று ஒரு டைரக்டரி இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஷெல் ஸ்கிரிப்டுகள். பல ஸ்கிரிப்டுகளின் பெயரிலேயே அது எந்தப் பிழைப் புகாரிலிருந்து வந்தது என்ற எண் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தற்காலிக டைரக்டரியில் தனக்கென ஒரு குட்டி உலகத்தைக் கட்டிக்கொள்கிறது: டிபிகேஜியின் (ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜை உண்மையில் நிறுவும் கருவி) தனி நிலைக்கோப்பு, தனி சோர்ஸ் பட்டியல், பேக்கேஜ்கள் இருக்கும் தனி களஞ்சியம். ரூட் அனுமதி வேண்டாம், வெளி நெட்வொர்க் வேண்டாம். சார்புகளை (எந்தப் பேக்கேஜுக்கு எது வேண்டும் என்பதை) கணக்கிடுவதை மட்டும் சோதிக்க வேண்டுமானால் பேக்கேஜே தேவையில்லை. பட்டியலில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். நிறுவியே பார்க்க வேண்டுமானால் ஒன்றுமில்லாத ஒரு டெப் கோப்பை அந்த நிமிடமே கட்டிக்கொள்ளும். கூடவே, சொன்னபடி கேட்கும் ஒரு சின்ன வெப் சர்வரையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சர்வர்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஏன் என்று ஒரு டெஸ்டை வைத்தே காட்டுகிறேன். ஆப்ட் முதலில் எடுப்பது இன்ரிலீஸ் என்ற கையெழுத்திட்ட கோப்பு. அதற்குள் பேக்கேஜ் பட்டியலின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்) இருக்கும். அடுத்து அந்தப் பட்டியலை எடுத்து, ஹாஷ் பொருந்துகிறதா என்று பார்க்கும். இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவில் மிரர் (களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் சர்வர்) புதுப்பிக்கப்பட்டால் பழைய இன்ரிலீஸும் புதுப் பட்டியலும் கைக்கு வரும். லினக்ஸில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் "ஹாஷ் சம் மிஸ்மேட்ச்" அப்படி வருவதுதான். ஹாஷையே பெயராக வைத்துப் பட்டியலை எடுக்கும் வசதி பின்னர் வந்து இதைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் உங்கள் நிறுவனத்தின் உள் மிரரில் அது இருக்கிறதா என்பது வேறு கேள்வி. உண்மையான நெட்வொர்க்கில் இந்தக் கோளாறு அமாவாசைக்கு ஒருமுறை வரும். சொந்தச் சர்வர் இருந்தால் ஒவ்வொரு முறையும் வரவைக்கலாம்: முதல் கோரிக்கைக்குப் பழைய டைரக்டரியிலிருந்து பதில், இரண்டாவதற்குப் புதியதிலிருந்து. எதிர்பார்ப்பு என்ன? கருவி தோற்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் தோற்ற பிறகு மெஷினில் பழைய பட்டியல் முழுதாக அப்படியே இருக்க வேண்டும். பாதி பழசு, பாதி புதுசு இருக்கக் கூடாது. அடுத்த முயற்சியில் தானே தேறிவிட வேண்டும். மொத்தம் இரண்டு விநாடி டெஸ்ட்.

அதே சர்வரை வைத்துக்கொண்டு பாதி டவுன்லோடில் இணைப்பை வெட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா பாருங்கள். கோப்பு அதற்குள் மாறியதால் கேட்ட பகுதியே இல்லை என்று 416 பிழையைத் திருப்பிப் பாருங்கள். லாட்ஜ் வைஃபை செய்வதுபோல, எதைக் கேட்டாலும் 200 (எல்லாம் சரி) என்ற பதிலோடு ஒரு லாகின் பக்கத்தை நீட்டிப் பாருங்கள். இன்ரிலீஸில் குறித்த காலாவதித் தேதியைத் தாண்டிய களஞ்சியத்தைக் கொடுங்கள். மெஷினின் கடிகாரம் பின்னால் இருப்பதுபோலவும் செய்து பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரையான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரமே கிடையாது. நெட்வொர்க் வந்து நேரம் சரியாகும் முன் அப்டேட் ஓடினால், "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஆப்ட் மறுக்கும். உங்கள் கருவி அதை நிரந்தரத் தோல்வியாக எடுத்துக்கொள்கிறதா, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்கிறதா? இதற்கெல்லாம் விர்ச்சுவல் மெஷின் தேவையே இல்லை.

இரண்டாவது, கன்டெய்னர். இங்கே ஓர் எச்சரிக்கை. டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியின் டெபியன் இமேஜ் பார்க்க டெபியன் மாதிரி இருக்கும், ஆனால் வேண்டுமென்றே சில இடங்களில் பொய் சொல்லும். பேக்கேஜ் நிறுவும்போது சர்வீஸ்கள் தொடங்காமலிருக்க, எதைக் கேட்டாலும் 101 என்று திருப்பும் ஒரு ஸ்கிரிப்ட் உள்ளே இருக்கிறது. டிபிகேஜி வேகமாக ஓட, டிஸ்கில் உறுதியாக எழுதும் எஃப்சிங்க் வேலையைத் தளர்த்தும் ஒரு கான்ஃபிக்கும் இருக்கிறது. தனக்கென்று கெர்னல் (சிஸ்டத்தின் மையக் கரு) கிடையாது, பூட் கிடையாது. அவை கன்டெய்னருக்கு நியாயமான முடிவுகள். ஆனால் "அப்டேட்டுக்குப் பின் சர்வீஸ் மறுபடி ஓடுகிறதா" என்ற டெஸ்டை அங்கே வைத்தால் அது எதையும் சோதிக்கவில்லை. நிறுவல் ஸ்கிரிப்டுகள், ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும் கோப்புகள், நீக்கிய பின் மிஞ்சும் குப்பை, இவற்றுக்குத்தான் கன்டெய்னர். டெபியனில் பையுபார்ட்ஸ் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது: பேக்கேஜை நிறுவி, பழைய வெளியீட்டிலிருந்து மேம்படுத்தி, கடைசியில் துடைத்தெடுத்து, என்ன மிச்சம் என்று பார்க்கும்.

கான்ஃபிக் கோப்பு கேள்வியையும் இந்த அடுக்கிலேயே பிடித்துவிடுங்கள். பயனர் திருத்திய கான்ஃபிக் கோப்பின் புதிய பதிப்பு வந்தால் எதை வைத்துக்கொள்வது என்று டிபிகேஜி நின்று கேட்கும். நிறுவலின்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் என்ற கருவியைக் கேள்வி கேட்காத முறையில் வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, இந்தக் கேள்வி டெப்கான்ஃப் வழியாக வருவதே இல்லை. டிபிகேஜிக்கே பழையதை வை என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பதில் சொல்ல ஆளில்லாமல் பேக்கேஜ் பாதியில் நின்றுவிடும். சுத்தமான இமேஜில் யாரும் எதையும் திருத்தியிருக்க மாட்டார்கள், அதனால் அங்கே இது வராது. கருவி தொடும் கான்ஃபிக் கோப்புகள் எல்லாவற்றிலும் ஒரு கமென்ட் வரி சேர்த்துவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள். ஒரே வரி, ஆனால் அது பிடித்துத் தரும் பிழைகள் அதிகம்.

மூன்றாவது, பூட் ஆகும் விர்ச்சுவல் மெஷின். அடிப்படை இமேஜை யாரும் தொடக்கூடாது; ஒவ்வொரு டெஸ்டுக்கும் அதன்மேல் ஒரு மேலடுக்கு டிஸ்க் கோப்பு போட்டு ஓட்டுங்கள். டெஸ்ட் முடிந்தால் மேலடுக்கைத் தூக்கி எறியலாம். தோற்றால் மட்டும் எடுத்து வையுங்கள், மறுநாள் அந்த மெஷினை அப்படியே எழுப்பி உள்ளே போய்ப் பார்க்க முடியும். ஆயிரம் வரி லாகைவிட இது மேல்.

இந்த அடுக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் ரீபூட். ரீபூட் கட்டளை கொடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் பதில் தரும்வரை காத்திருந்து, அடுத்த சோதனைக்குப் போவார்கள். சில சமயம் மெஷின் இன்னும் கீழே போகவே இல்லை. பழைய பூட்டிலேயே எஸ்எஸ்எச் பதில் தந்துவிடும், டெஸ்ட் பழைய கெர்னலைப் பார்த்துத் தோற்கும். உடனே ஒருவர் முப்பது விநாடி ஸ்லீப் போடுவார். ஸ்லீப் வேண்டாம். லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் தனக்கென ஒரு புதிய பூட் அடையாளம் உருவாக்கி, ப்ராக் கோப்பு அமைப்பில் படிக்கத் தருகிறது. ரீபூட்டுக்கு முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது மாறும்வரை காத்திருங்கள். உங்கள் ஐந்தாறு சிவப்புகளில் ஒன்றிரண்டு இதனாலேயே போய்விடும்.

பூட் பார்ட்டிஷனை வேண்டுமென்றே சின்னதாக்கிய இமேஜ் ஒன்றும் கட்டாயம் வேண்டும். பழைய கெர்னல்கள் சேர்ந்துபோய், புதிய கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கத் தேவையான கோப்பு) எழுத இடமில்லாமல், நிறுவல் ஸ்கிரிப்ட் தோற்று, அதன்பின் எந்த அப்டேட்டும் நகராமல் மாட்டிக்கொள்வது உபுண்டுவிலும் டெபியனிலும் காலங்காலமாக இருக்கும் வியாதி. இடம் போதாது என்று கருவி தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும், நடுவில் அல்ல.

சோதனையின் முடிவில் என்ன சரிபார்ப்பது? கட்டளை 0 திருப்பியது என்பது சான்று ஆகாது. 2023 ஜூனில் டெபியன் 12 வந்தபோது ஃபர்ம்வேர் பேக்கேஜ்கள் நான்ஃப்ரீ பிரிவிலிருந்து நான்ஃப்ரீ ஃபர்ம்வேர் என்ற புதுப் பிரிவுக்குப் போயின. சோர்ஸ் பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்காத மெஷின்களில் அப்டேட் ஒழுங்காக முடியும், ஃபர்ம்வேர் மட்டும் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். ஆப்ட் ஓர் அறிவிப்பு காட்டும், ஆனால் தானியங்கி ஓட்டத்தில் அதை யார் படிக்கிறார்கள்? எனவே நான் செய்வது இது. அப்டேட் ஆன மெஷினையும், புதிய வெளியீட்டை நேரடியாக நிறுவிய மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன்: பேக்கேஜ்களும் பதிப்புகளும், இயங்கும் சர்வீஸ்கள், டைமர்கள், கோப்பு அனுமதிகள். வித்தியாசம் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஏன் என்று ஒரு கோப்பில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதாத வித்தியாசம் வந்தால் டெஸ்ட் சிவப்பு. எங்கள் டைமர் கதையை இந்த ஒப்பீடு அன்றே பிடித்திருக்கும்.

நான்காவது, மின்வெட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறாகச் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பது இங்கே மிக எளிது.

டிபிகேஜி ஒரு கோப்பை மாற்றும்போது, புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து டிஸ்கில் இறங்கியதை உறுதிப்படுத்தி, பிறகுதான் பெயரை மாற்றும். அந்த எஃப்சிங்க் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 2009 வாக்கில் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு புதிதாக வந்தபோது பலருக்கும் புரிந்தது: மின்சாரம் போய் வந்தால் பெயர் மாறியிருக்கும், உள்ளே பூஜ்ஜியம் பைட். எஃப்சிங்க் மெதுவானது. அதனால் டெஸ்டுகளை வேகமாக்க ஈட்மைடேட்டா என்ற சின்ன நூலகத்தைப் போடுவது வழக்கம். எஃப்சிங்க் அழைப்புகளை அது விழுங்கிவிடும், நிறுவல் பறக்கும். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. முதல் மூன்று அடுக்குகளில் தாராளமாகப் போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் பொதுவான அடிப்படை இமேஜிலேயே அதைப் போட்டு வைத்துவிட்டு, அதே இமேஜில் மின்வெட்டு டெஸ்டையும் ஓட்டினால், வெளியே போகாத ஒரு சிஸ்டத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. கெமு புராசஸை நடுவில் கொன்றுவிட்டு மின்வெட்டு டெஸ்ட் செய்தாயிற்று என்பார்கள். விர்ச்சுவல் மெஷின் தன் டிஸ்குக்கு எழுதியதெல்லாம் அதற்குள், அதை ஓட்டும் நிஜ மெஷினான ஹோஸ்டின் நினைவகத்துக்கு வந்துவிட்டிருக்கும். ஹோஸ்ட் உயிரோடுதானே இருக்கிறது, அது எதையும் தொலைக்காது. உண்மையான மின்வெட்டில் டிஸ்கின் சொந்த கேஷில் இருந்ததும் போய்விடும். ஆகவே கெமுவைக் கொல்வது பாதி மின்வெட்டுதான். பயனில்லை என்று சொல்லவில்லை, பல பிழைகள் அதிலேயே விழும். முழுதாக வேண்டுமென்றால் லினக்ஸ் கெர்னலில் 2015 முதல் டிஎம் லாக் ரைட்ஸ் என்ற வசதி இருக்கிறது. டிஸ்கில் எழுதப் போகும் ஒவ்வொன்றையும், எந்த இடத்தில் ஃப்ளஷ் (கேஷில் இருப்பதை டிஸ்கில் இறக்கு என்ற கட்டளை) கேட்கப்பட்டது என்பதையும் அது வரிசையாகப் பதிந்து வைக்கும். ஒருமுறை அப்டேட் ஓட்டினால் போதும். பிறகு அந்தப் பதிவை எந்தப் புள்ளி வரை வேண்டுமோ அதுவரை மட்டும் திரும்ப எழுதி, அங்கே மின்சாரம் போனதாக வைத்து பூட் செய்யலாம். எல்லாப் புள்ளிகளையும் சோதிக்க நேரம் பத்தாது. ஃப்ளஷ் நடந்த இடங்களுக்கு முன்னும் பின்னும் எடுங்கள், கூடவே பூட்லோடர் எழுதப்படும் பகுதியை நெருக்கமாக எடுங்கள். எழுந்த மெஷினில் டிபிகேஜி தணிக்கை சுத்தமாக வருகிறதா, வராவிட்டால் உங்கள் கருவி யாரும் சொல்லாமலே விட்ட இடத்திலிருந்து முடிக்கிறதா என்று பாருங்கள்.

நிஜ பலகைகளும் ரிலே வைத்த பிளக்கும் வேண்டாமா என்றால், வேண்டும். மலிவான எஸ்டி கார்டுகள் ஃப்ளஷ் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருப்பதை எந்த விர்ச்சுவல் மெஷினும் காட்டாது. ஆனால் அது வாரம் ஒருமுறை ஓடினால் போதும்.

இப்போது காரணமில்லாத சிவப்புகள். திரும்ப ஓட்டினால் பச்சையாகும் டெஸ்டை, காரணம் தெரியாமல் திரும்ப ஓட்டுவதுதான் உங்கள் குழுவின் பெரிய நஷ்டம். ஒரு மாதம் அப்படி ஓட்டினால் எந்தச் சிவப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள். டெபியனில் டெஸ்டுகளை ஓட்டும் கருவியான ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் செய்யும் ஒரு நல்ல காரியத்தைக் கடன் வாங்குங்கள்: டெஸ்ட் தோற்றால் 4, சோதனைக் களமே கெட்டுப்போனால் 16 என்று வேறு வேறு முடிவு எண்கள் தரும். விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகவில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது என்பவை 16. அவற்றைத் தானாகத் திரும்ப ஓட்டலாம். 4 வந்தால் திரும்ப ஓட்டக்கூடாது. ஓட்டியே தீர வேண்டுமென்றால் முதல் தோல்வியின் பதிவு அழியாமல் இருக்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஆப்ட்டின் பூட்டைத்தான் (லாக்: ஒரே நேரத்தில் இருவர் பேக்கேஜ்களில் கைவைக்காமல் தடுப்பது). டெபியனில் ஆப்ட்டுக்கென்று ஒரு தினசரி டைமர் இருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை, அதிலும் 12 மணி நேரம் வரை தற்செயலான தாமதத்தோடு ஓடும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் மிரர் மேல் விழக்கூடாது என்பதற்காக. பழைய இமேஜ் பூட் ஆனதும், தவறவிட்ட ஓட்டத்தை ஈடுகட்ட அது எழுந்து பூட்டைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கருவி வந்து கதவைத் தட்டும். சில நாள் முந்தும், சில நாள் பிந்தும். அதுதான் உங்கள் "காரணமில்லாத" சிவப்பு. டெஸ்டில் அந்த டைமரை நிறுத்திவிடலாம், ஆனால் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். வெளியே இருக்கும் மெஷின்களிலும் இதேதான் நடக்கிறது! பூட்டு கிடைக்கும்வரை காத்திருக்கும் வசதி ஆப்ட்டிலேயே இருக்கிறது, கருவியை அதைப் பயன்படுத்தச் செய்யுங்கள். வேறு யாரோ பூட்டை வைத்திருக்கும்போது கருவி பொறுமையாக இருக்கிறதா என்று தனி டெஸ்ட் எழுதிய பிறகு, மற்ற டெஸ்டுகளில் டைமரை நிறுத்துங்கள்.

வெளி நெட்வொர்க்கை எந்த டெஸ்டும் தொடக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மிரரின் ஒரு நாள் நிலையைப் பிரதியெடுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பது எந்தெந்த நிலையிலிருந்து தொடங்குவது என்பது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 அப்டேட்டைச் சில நாள்களிலேயே நிறுத்திவைத்தார்கள், நினைவிருக்கலாம். சிலரின் கோப்புகளே அழிந்துபோயின. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டு, பழைய ஃபோல்டரிலும் கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தேவையற்ற நகல் என்று பழைய ஃபோல்டரை அப்டேட் நீக்கிவிட்டது. சுத்தமான மெஷினில் எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் இது வராது. இன்னொன்று 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய உள்ளடக்க அப்டேட். அது ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் அல்ல, ஆனாலும் நம் தொழிலுக்கான பாடம். ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன. வரையறையில் 21 புலங்கள் இருந்தன, நிரல் கொடுத்தது 20 மதிப்புகள்தான். அதுவரை டெஸ்டுகளில் 21ஆவது புலத்துக்கு "எதுவாக இருந்தாலும் சரி" என்ற குறியையே போட்டிருந்ததால் அந்தப் புலத்தை யாரும் படிக்கவே தேவைப்படவில்லை. உங்கள் டெஸ்ட் தரவிலும் அப்படி எப்போதும் வெறுமையாகவே விட்டுவைத்த கட்டங்கள் இருக்கும், தேடிப் பாருங்கள்.

எல்லா நிலைகளையும் கற்பனையால் உருவாக்க முடியாது. வெளியிலிருந்து வாங்க வேண்டும். டிபிகேஜி நிலைக்கோப்பும் சோர்ஸ் பட்டியலும் இருந்தால் போதும், வேறொரு மெஷினில் ஆப்ட்டை அந்தக் கோப்பைப் பார்க்கச் சொல்லி, என்ன செய்வாய் என்று ஒத்திகை கேட்கலாம். ஒரு மெஷினுக்கு ஒன்றிரண்டு விநாடிதான். ஆயிரம் மெஷின்களின் நிலைக்கோப்புகளை வாங்கி, ஒரே மாதிரி இருப்பவற்றைக் கழித்துவிட்டு, மீதியை முதல் அடுக்கில் ஒத்திகை பார்த்தால், முக்கியமான பேக்கேஜை நீக்கப் பார்க்கும் விபரீதமெல்லாம் அனுப்பும் முன்பே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் அனுமதியோடு, மெஷின் பெயர் போன்றவற்றை நீக்கிவிட்டு வாங்குங்கள். படுத்த ஒவ்வொரு மெஷினும் ஒரு டெஸ்டாக மாற வேண்டும். பெயரில் புகார் எண்ணைப் போடுங்கள், ஆப்ட்காரர்கள் செய்வதுபோல.

நம்மவர்களுக்கென்று ஒரு சின்ன விஷயம். தமிழ் மொழி அமைப்பில் ஓடும் மெஷின் ஒன்றை விர்ச்சுவல் அடுக்கில் சேருங்கள். யூடிஎஃப்8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முன்னேற்றப் பட்டையில் செய்தியைப் பைட் கணக்கில் வெட்டும் கருவி எழுத்தின் நடுவிலேயே வெட்டும், அடுத்து அதைப் படிக்கும் நிரல் டீகோட் பிழையில் விழும். இதைவிட ஆபத்தானது, மற்ற கட்டளைகளின் வெளியீட்டில் ஆங்கிலச் சொற்களைத் தேடி முடிவெடுக்கும் கோடு. உங்கள் டெஸ்ட் சர்வர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுவதால் அது பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டும் முறை இதற்குப் பிறகு எளிது. முதல் அடுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட வேண்டும், பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒவ்வொன்றும் தனி டைரக்டரி என்பதால் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையையும் இணையாக ஓட்டலாம். கன்டெய்னர் அடுக்கு மாற்றத்தை இணைப்பதற்கு முன். விர்ச்சுவல் அடுக்கு இரவில், அதோடு பழைய இமேஜிலிருந்து தொடங்கி அடுத்த அப்டேட்டைத் தானே வாங்கும் அந்த ஒரு டெஸ்ட் மட்டும் ஒவ்வொரு இணைப்பிலும். மின்வெட்டுப் புள்ளிகளில் இரவுக்குக் கொஞ்சமாக, வெளியீட்டுக்கு முன் முழுதாக. எந்தப் பழைய வெளியீடுகளிலிருந்து சோதிப்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள். வெளியே இன்று எந்தெந்தப் பதிப்புகள் உயிரோடிருக்கின்றன என்ற பட்டியலிலிருந்து தானாகவே எடுக்கட்டும். கோடவுனில் இரண்டு வருடமாகத் தூங்கும் மெஷினையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள். அதில் இருக்கும், கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவியின் தேதி முடிந்திருக்கும். உங்கள் புதிய கையெழுத்தை அது ஏற்காது. அதற்கான வழியை இப்போதே யோசித்து, அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.